இருக்கைக்குக் கீழே இரண்டு இணைப்புகள்

சென்ற புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்பத்திலிருந்து ரஹீம் போன் செய்தார். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் என்னோடு ஒன்பது வருடம் வெல்டராக இருந்தவர். பிறகு கீழே இறங்கிச் சொந்தமாக வேன் பட்டறை வைத்துவிட்டார்.

"அண்ணே, மூணாறு, கொடைக்கானல்னு குளுருக்குப் போற வண்டி. உள்ள டீசல் ஹீட்டர் வைக்கச் சொல்றாக. பார்சல் வந்து கெடக்கு. வீடியோவப் பாத்தா ரெண்டு மணி நேர வேலைங்குறாக. நீங்க போட்ல ஒண்ணு வச்சீகள்ல, எப்படின்னு சொல்லுங்க."

அரை மணி நேரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, இதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள் என்றார். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எப்படி வைக்க வேண்டும் என்பதைத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் எப்படி வைத்தேன் என்பதைச் சொல்லவில்லை. படகில் அது நடந்தபோது ரஹீம் தோட்டத்தில் இல்லை. ஆகவே இது அவருக்காகவும், அவரைப் போலப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காகவும். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. சின்னமனூரிலிருந்து மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்பது போதும்.

என் பிழைப்பு போடியில் தொடங்கியது. அப்பாவுக்கு பஜாரில் தகரக் கடை. ஏலக்காய் ஸ்டோர்களுக்குப் புகைக்குழாய் செய்து கொடுப்போம். ஸ்டோர் என்றால் விற்கிற கடை அல்ல. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி உலர்த்துகிற, காற்றுப் புகாத அறை. விறகு அடுப்பு வெளியே இருக்கும். அதன் புகை ஒரு தகரக் குழாய் வழியாக அறைக்குள் நுழைந்து, தரையோரமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சூட்டையெல்லாம் உள்ளேயே விட்டுவிட்டுக் கடைசியில் கூரைக்கு மேலே வெளியேறும். குழாய் உள்ளே எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு விறகு மிச்சம். குழாயைச் சுருக்கமாக வெளியே விடுகிறவனைத் தொழில் தெரியாதவன் என்போம். இணைப்பு கசிந்தால் ஏலக்காயில் புகை வாடை ஏறிவிடும், ஏலத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் கசிவு பார்ப்பது பெரிய வேலை. நான் அதை மூக்கால் பார்ப்பேன். இருட்டு அறைக்குள் குனிந்து நடந்து, எந்த இணைப்பு என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவேன். ஸ்டோர்க்காரர்கள் இதற்கென்றே ஆள் அனுப்பிக் கூப்பிட்டதுண்டு.

இருபத்தாறாம் வயதில் தோட்டத்துக்கு ஃபிட்டராகப் போனேன். தேயிலை உலர்த்தும் இயந்திரம், ஜெனரேட்டர், ஜீப், பிறகு படகு. முப்பத்தொரு வருடம். அன்றன்று செய்த வேலையை நாட்குறிப்பில் எழுதுவது முதல் நாளிலிருந்தே பழக்கம். கிழமை, தமிழ்த் தேதி, யார் வந்தார், என்ன கெட்டது, என்ன மாற்றினேன். மலைமேல் வேறு பொழுதுபோக்கு இல்லை. படிக்கக் கிடைத்ததைப் படிப்பேன், இல்லையென்றால் எழுதுவேன்.

தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு நீர்த்தேக்கம் கிடந்தது. இக்கரையில் ஆபீஸ், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி. அக்கரையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் நாற்பது வீட்டு லயம். சுற்றிப் போகும் காட்டுப் பாதையில் யானை நிற்கும், மழைக்காலத்தில் மண் சரியும். படகுதான் வழி. எட்டுப் பேர் உட்காரக்கூடிய சிறிய பைபர் படகு, நடுவில் கண்ணாடிச் சன்னல் வைத்த மூடிய அறை, பின்னால் டீசல் எஞ்சின். ஓட்டுபவன் காசி. படகு தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவன்தான்.

மார்கழியில் அந்தத் தண்ணீர் மேல் அடிக்கிற குளிரைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முந்தின வருடம், பிறந்து ஆறே நாளான ஒரு குழந்தை அக்கரை போய்ச் சேர்வதற்குள் விறைத்து நீலம் பாரித்துவிட்டது. பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தர், அடுத்த மார்கழிக்குள் படகுக்குள் ஏதாவது சூடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படித்தான் ஹீட்டர் வாங்கினார்கள்.

எங்கள் இன்ஜினீயர் தமிழரசி. ஆண்டிபட்டிக்காரர், நெசவாளர் வீட்டுப் பெண். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். வேலையைப் பார்வையிடும் அவர் விதம் தனி. கையில் பென்சில் அளவு டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறிய கண்ணாடியும் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார், நன்றாயிருக்கிறது, சரியில்லை என்று எதுவும் சொல்ல மாட்டார். ஒரு போல்ட்டைத் தொட்டு, "அண்ணே, இது எதுக்கு?" என்பார். பதில் சொன்னால் தலையசைத்து அடுத்ததைத் தொடுவார். அதே கேள்வி. பதில் தடுமாறுகிற இடத்தில் அப்படியே நிற்பார். திட்டுகிற அதிகாரிகளை எனக்குப் பழக்கம். அவர்கள் திட்டி முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் போக மாட்டார்.

மார்கழி ஏழு, திங்கட்கிழமை. பார்சலைப் பிரித்துப் பெஞ்சில் பரப்பினோம். ரொட்டி டப்பா அளவு இயந்திரம். உள்ளே ஒரு சிறிய அறையில் டீசல் எரியும், அதன் மேலோட்டைச் சுற்றி ஒரு விசிறி காற்றை ஓட்டிச் சூடாக்கி அனுப்பும். எரிகிற காற்றும் நாம் மூச்சு விடுகிற காற்றும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. எரிவதற்கான காற்று ஒரு குழாயில் வெளியிலிருந்து வரவேண்டும், எரிந்த புகை இன்னொரு குழாயில் வெளியே போகவேண்டும். மொத்த சூத்திரமும் இவ்வளவுதான்.

தமிழரசி சுண்ணாம்புக் கட்டியால் படகின் பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு சாண் மேலே ஒரு வட்டம் போட்டார்.

"புகைக்குழாய் இங்கனயே வெளிய போகட்டும். ஒரு முழத்துக்கு மேல வேண்டாம். உள்ள ஜாயிண்ட் எதுவும் வேண்டாம்." பிறகு, "விஷவாயு வந்தாக் கத்துற அலாரம் ஒண்ணு மதுரையில சொல்லி வச்சிருக்கேன். நான் கொண்டு வர்ற வரைக்கும் ஆளுகள வச்சு ஹீட்டரப் போடாதீக" என்றார். அன்று மாலை ஒரு வாரப் பயிற்சிக்காக மதுரைக்கு இறங்கிவிட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேலை. கஷ்டமான பகுதிகளை நன்றாகவே செய்தேன். டீசல் டாங்கின் மேல்மூடியில் தனித் துளை போட்டு, எஞ்சின் குழாயைத் தொடாமல் வேறு குழாய் இறக்கினேன். சொட்டுச் சொட்டாக டீசல் தள்ளும் சிறிய பம்பை, காற்றுக்குமிழி தங்காதபடி வாய் மேல்நோக்கிச் சாயும்படி மாட்டினேன். அது 'டிக், டிக்' என்று கடிகாரம் போலச் சத்தமிடும். பற்றவைக்கும்போது மின்சாரத்தை இழுத்துக் குடிக்கிற சாதனம் என்பதால் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் போட்டேன். அந்த உயரத்தில் காற்று மெலிவு. கீழ்நாட்டுக் கணக்கில் டீசல் ஊற்றினால் முழுதாக எரியாமல் கரி படியும். அதற்காகப் பம்பின் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புகைவாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் துணி கறுக்கவில்லை. கண்ணுக்குப் புகை இல்லை, மூக்குக்கு வாடை இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

சுலபமான பகுதியில்தான் தவறினேன். சுண்ணாம்பு வட்டத்தில் ட்ரில்லை வைத்தபோது காசி வந்து முன்னால் நின்றான்.

"தண்ணில மெதக்குறதுல ஓட்டை போடப் போறீகளா? மொதல்ல ஒங்க வீட்டு அண்டாவுல போட்டுத் தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வாங்கண்ணே."

அவன் பேச்சு ஒரு காரணம். அந்தப் பக்கம்தான் படகு துறையில் உரசும், புகைவாய் அடிபடுமே என்று நானே ஒரு காரணம் சேர்த்துக்கொண்டேன். பின்பக்கம் பழைய பம்பைக் கழற்றிய துளை ஒன்று சும்மா கிடந்தது. அங்கே கொண்டுபோக வேண்டுமென்றால் குழாய் நீள இருக்கையின் அடியில், அறையின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். அப்போதுதான் எனக்குப் போடி ஞாபகம் வந்தது. ஓடட்டுமே. சூட்டை எதற்கு வெளியே விட வேண்டும்? ஏலக்காய் அறைக்குச் செய்ததை இங்கேயும் செய்தால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலடியில் கதகதப்பு. பார்சலில் வந்த குழாய் நீளம் போதவில்லை. இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டுக் கிளாம்ப் இறுக்கினேன். யார் காலும் சுடாதிருக்கத் துளையிட்ட தகரத்தை மேலே மூடினேன்.

ஆங்கிலத்தில் இருந்த கையேட்டை நான் ஐந்து முறை படித்திருந்தேன். ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் புகைக்குழாயில் இணைப்பு இருக்கக் கூடாது என்ற வரி அதில் இருந்தது. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது நான்தான். இதை மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியதில்லை.

இரண்டு இணைப்பையும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. திருப்தியாக எழுந்தேன்.

வியாழக்கிழமை காலை கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழு பேர் நடுங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். "போட்டுக்கவாண்ணே?" என்று காசி கேட்டான். தமிழரசி சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் போட்டுக்கொள் என்றேன். திரும்பி வந்தபோது அத்தனை பேரும் என்னைக் கும்பிடாத குறை. ஓட்டை போடக் கூடாதென்று மல்லுக்கு நின்ற காசி, இப்போது சூடு வீணாகக் கூடாதென்று சைக்கிள் ட்யூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சன்னல் இடுக்கெல்லாம் அடைத்துவிட்டான்.

மார்கழி பதினான்கு, திங்கட்கிழமை. பேச்சியம்மாள் என்ற பெண் பிரசவம் முடிந்து அக்கரை வீட்டுக்குப் போக வேண்டிய நாள். குழந்தைக்கு ஒன்பது நாள். பெண் குழந்தை. எஸ்தர் கூடவே போனார். குழந்தை ஏறும்போதே உள்ளே சூடாக இருக்க வேண்டும் என்று சொல்லி, மூன்று மணிக்கே ஹீட்டரைப் போடச் சொல்லியிருந்தார். மூடுபனி அடர்ந்து, துறையிலிருந்து பத்தடிக்கு மேல் தண்ணீர் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் காசி நெற்றியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் தைலம் கேட்டான்.

"மறுபடியும் தலைவலியா?"

"போட்ல ஏறுனா வருது. கரைக்கு வந்து அரை மணி நேரத்துல போயிருதுண்ணே."

"கரையேறுனாப் போற தலைவலிக்கு லீவுதான்டா மருந்து" என்றேன். அவனும் சிரித்தான். பேச்சியம்மாளும் சிரித்தாள். மூன்று இருபதுக்குப் படகு பனிக்குள் போய் மறைந்தது.

ஒர்க்‌ஷாப்பில் கரண்டு இல்லை. லேத் ஓடாததால் பெஞ்சில் உட்கார்ந்து, சனிக்கிழமையிலிருந்து எழுதாமல் விட்டிருந்த நாட்குறிப்பை எடுத்தேன். எங்கே விட்டோம் என்று பார்க்க இரண்டு பக்கம் பின்னால் புரட்டினேன். வியாழன்: ஹீட்டர் காலை மாலை ஓடியது. காசிக்குத் தலைவலி. வெள்ளி: ஹீட்டர் ஓடியது. காசி தலைவலி, வாந்தி வருகிறாற்போல் என்றான். சனி, ஞாயிறுக்கு மனதுக்குள் வாக்கியம் அமைத்தேன்: வெயில் அடித்தது, ஹீட்டர் போடவில்லை. காசி நன்றாக இருந்தான், பகல் முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

பேனா வைத்த இடத்திலேயே நின்றது. வியாழன், வெள்ளி, இன்று. சனி, ஞாயிறு இல்லை.

அந்த விஷவாயுவுக்கென்று வாடை கிடையாது. கூட வரும் புகையில் வாடை இருந்தால்தான் என் மூக்குக்குத் தெரியும். நன்றாக எரிய வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து வாடையே இல்லாமல் செய்தவன் நான். மிச்சமிருந்த துளி வாடையையும் படகில் எப்போதும் அடிக்கிற டீசல் நாற்றம் மறைத்திருக்கும். எஞ்சின் அதிர்கிற அதிர்வில் கிளாம்ப் தளர ஐந்து நாள் போதும். சன்னல் இடுக்கெல்லாம் ட்யூப். உள்ளே ஒன்பது நாள் குழந்தை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தாறு.

ஆபீஸுக்கு மேட்டில் ஓடினேன். ஐம்பத்தாறு வயது, இரண்டு இடத்தில் வழுக்கினேன். தமிழரசி அப்போதுதான் மதுரையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். மேசைமேல் அலாரம் இருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பைப்ப உள்ள வழியாக் கொண்டு போயிட்டேன். போட்டு இப்ப நடுத்தண்ணில இருக்கு. பச்சப்புள்ள உள்ள இருக்கு."

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எத்தனை ஜாயிண்ட்?"

"ரெண்டு."

எழுந்துவிட்டார். ஏரி நடுவில் போன் எடுக்காது. கூவினால் பனியில் கேட்காது. காசியை எப்படி வெளியே வரவைப்பது? அவர் நேராக ஆபீஸ் தாழ்வாரத்துக்குப் போய், கையால் சுற்றுகிற சங்கின் உறையை உருவினார். அது யானைச் சங்கு. மூன்று நீண்ட ஊதல் கேட்டால் தேயிலைக் காட்டில் இருப்பவர்கள் எல்லாம் கூடையைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடிவிட வேண்டும். படகுக்கும் ஒரு விதி உண்டு. யானை தண்ணீர் குடிக்க எந்தக் கரையில் இறங்கும் என்று தெரியாது. அதனால் சங்கு கேட்டால் படகை நடுவிலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஓட்டுபவன் வெளியே வந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். மேனேஜர் அனுமதியில்லாமல் அந்தச் சங்கைத் தொட்டால் வேலை போகும். எத்தனையோ பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கிறது.

"சுத்துங்கண்ணே. நான் எண்ணுறேன்."

சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூன்று ஊதல். தேயிலைச் சரிவில் பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. சங்கு அடங்கியதும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தொலைவில் எஞ்சின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

காசி வெளியே வந்திருப்பான். கதவு திறந்திருக்கும். அவ்வளவு போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தமிழரசிக்கு அப்படித் தோன்றவில்லை. அலாரத்தை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினார். பாசி எடுப்பதற்காகக் கட்டியிருந்த பரிசலை அவிழ்த்தேன். நான் துடுப்புப் போட்டேன், அவர் டார்ச்சைத் தண்ணீர் மேல் பிடித்திருந்தார். பரிசல் நேராகப் போகாது, சுற்றும். பனிக்குள் திசை தெரியவில்லை. காசியைக் கூப்பிட்டோம். யானை பக்கத்தில் இருந்தால் சத்தம் காட்டக் கூடாது என்பதும் விதி, அதனால் அவன் பதில் சொல்லவில்லை.

அப்போது எனக்குக் கேட்டது. டிக். டிக். டிக். எஞ்சின் நின்ற அமைதியில் அந்தப் பம்பு படகின் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றால் ஹீட்டர் நிற்காது, அதற்குத் தனி பேட்டரித் தொடுப்பு கொடுத்தது நான்தான். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் படகைக் கண்டுபிடித்தோம்.

முன்தளத்தில் காசி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தான். எஸ்தர் பக்கத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் அறைக் கதவு மூடியிருந்தது.

"எங்க பேச்சியம்மா?"

"உள்ளதான். புள்ளைக்குக் குளுரும்னு சாத்தச் சொன்னா" என்றார் எஸ்தர். "ரெண்டும் தூங்குதுக."

கதவை இழுத்தேன். வெதுவெதுவென்று காற்று முகத்தில் அடித்தது. இன்றுவரைக்கும் எனக்கு அந்தச் சூடு பிடிப்பதில்லை. பேச்சியம்மாள் இருக்கையில் சாய்ந்து கிடந்தாள். குழந்தை மடியிலிருந்து பாதி நழுவியிருந்தது. தூக்கினேன். கழுத்து நிற்காத வயசுதான் என்றாலும், அது குழந்தையின் கனம் இல்லை, நனைந்த துணியின் கனம். எஸ்தரிடம் கொடுத்துவிட்டுத் தாயின் கைகளுக்கு அடியில் கை கொடுத்து வெளியே இழுத்தேன். தமிழரசி அலாரத்தைக் கதவருகே நீட்டினார். அது வீரிட்டது. மூன்று இலக்க எண் ஒன்று சிவப்பாக எரிந்தது. அவர் உள்ளே எட்டி ஹீட்டரின் சுவிட்சை அணைத்தார். நான் இடுக்கிலிருந்த ட்யூபுகளை ஸ்பானரால் நெம்பிப் பிடுங்கிச் சன்னல்களைத் திறந்தேன்.

எஸ்தர் குழந்தையைக் குளிர்காற்றில் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். வாயோடு வாய் வைத்து மெல்ல ஊதினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நேரம் குறிக்கிற ஆள் நான், அன்றைக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் அழுகை.

காசி எழுந்து வந்து, யானை எந்தப் பக்கம் என்று கேட்டான்.

எல்லோரையும் வெளித்தளத்தில் உட்கார வைத்து, கதவு சன்னல் எல்லாம் திறந்த நிலையில் படகை நானே ஓட்டி இக்கரைக்குக் கொண்டுவந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்து, ஜீப்பில் தேனிக்கு இறக்கினார்கள். நான்கு நாள் வைத்திருந்து, தாய்க்கும் சேய்க்கும் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அந்த நான்கு நாளும் நான் சாப்பிட்டேனா என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

சங்கு ஊதியதற்கு மேனேஜர் விளக்கம் கேட்டார். தமிழரசி தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை.

வியாழக்கிழமை பிரித்தோம். தமிழரசி ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, தகர மூடியை எடுத்ததும் கண்ணாடியையும் டார்ச்சையும் குழாயின் அடியில் நீட்டினார். பின்பக்க இணைப்பில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மை தொட்டுக் கோடிழுத்ததுபோல ஒரு கறுப்பு. கண்ணாடியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"சூடு வீணாகக் கூடாதுன்னு" என்றேன்.

தலையசைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். காசிக்குப் பயந்தேன் என்பதைச் சொன்னேன். துறையில் உரசும் என்று சாக்குச் சேர்த்ததைச் சொன்னேன். கையேட்டில் கோடு போட்டதையும் சொன்னேன். பெண்கள் என்னைக் கொண்டாடியது பிடித்திருந்தது என்பதையும் சொன்னேன். அதற்கப்புறம்தான் எழுந்தார்.

ரஹீம் கவனிக்க வேண்டியது இதுதான். பக்கச் சுவரில், சுண்ணாம்பு வட்டம் இருந்த அதே இடத்தில் துளை போட்டோம். இந்த முறை காசியே வந்து வட்டத்தைத் திரும்ப வரைந்தான். சூடான குழாய் பைபரைத் தொடாதபடி இரட்டைச் சுவர் கொண்ட எஃகு வளையம், சுற்றிலும் சூடு தாங்கும் பசை, உரசாமலிருக்க இருபுறமும் ரப்பர் கட்டை. முக்கால் முழக் குழாய், ஒரே துண்டு, உள்ளே ஒட்டே இல்லை. எரிவதற்கான காற்றை உறிஞ்சும் வாயைப் புகைவாய்க்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர்ப் பக்கத்துக்குக் கொண்டுபோனோம். வெளிக்காற்று வருவதற்கென்று மூட முடியாத சிறிய சல்லடை ஒன்றைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தோம். அலாரத்தைத் தலைக்கு நேராக, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டினோம். பிறகு கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, நான் தனியே ஒரு மணி நேரம் உள்ளே இருந்தேன். எண் பூஜ்யத்திலேயே நின்றது. தமிழரசி வெளியே சன்னலருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பேச்சியம்மாள் குழந்தையோடு துறைக்கு வந்தாள். போக வேறு வழியில்லை. படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிய வச்சது நீங்கதான?"

"ஆமாத்தா."

"அப்ப நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. புள்ளைய நீங்க வச்சுக்கங்க."

கொடுத்துவிட்டாள். காசி கதவைச் சாத்தினான். இருபத்தேழு நிமிடம். அலாரத்தின் பூஜ்யத்தையும் குழந்தையின் மூக்கையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடுகிறதா என்று தெரியாதபோதெல்லாம் கன்னத்தை விரலால் தொட்டேன். அது ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தது. பேச்சியம்மாள் எதிரே உட்கார்ந்து என் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கரையில் குழந்தையை வாங்கிக்கொண்டு, ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு வர வேண்டும், அன்றைக்கும் வருவீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

போனேன். முதல் ஊசிக்கும், இரண்டாவதுக்கும், மூன்றாவதுக்கும், போக வர ஆறு தடவை. ஒவ்வொரு முறையும் குழந்தை என் மடியில். மூன்றாவது முறை அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஒன்பதாம் மாத ஊசி அடுத்த புரட்டாசியில் வந்தது. ஊசி போட்டு முடித்த பிறகு, நான் வழக்கம்போலத் துறையில் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். தூறல், நல்ல குளிர். பேச்சியம்மாள் எஸ்தரிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து, "வாரேண்ணே" என்றாள். ஏறினாள். ஹீட்டரைப் போடச் சொல்லிக் காசியிடம் சொன்னாள். நான் ஒரு அடி எடுத்துவைப்பதற்குள் கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அக்கரையில் எஞ்சின் சத்தம் நிற்கும்வரை நான் துறையிலேயே நின்றிருந்தேன்.